குட்டி வீடு நமக்கு ஒத்துவருமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மிகச் சிறிய வீடுகளைப் பற்றிய ஒரு கேள்விக்குப் போன மாதம் நான்கே வரியில் பதில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதே விஷயம்தான். எனவே இந்த முறை முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: நானும் என் கணவரும் மட்டும்தான். 240 சதுர அடியில் ஒரு வீடு பார்த்தோம். அரை மணி நேரம் இருந்தோம், இருவருக்கும் பிடித்துவிட்டது. இவ்வளவு சிறிய வீடு எங்களுக்கு ஒத்துவருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அரை மணி நேரத்தில் சுவரின் நிறம்தான் தெரியும். வீடு தெரிய இரண்டு வாரம் வேண்டும். அதற்குச் செலவே இல்லாத ஒரு வழி இருக்கிறது. இப்போது இருக்கும் வீட்டில் ஒரு அறையையும் குளியலறையையும் மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற கதவுகளைப் பூட்டிவிடுங்கள். சமைப்பது, தூங்குவது, துணி உலர்த்துவது எல்லாம் அந்த ஒரே அறையில். பூட்டிய கதவைத் திறந்து எதையாவது எடுக்க நேர்ந்தால், என்ன எடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். இரண்டு வாரம் கழித்து அந்தத் தாளை எடுத்துப் படித்தால், நான் சொல்ல வேண்டியது எதுவும் இருக்காது.

அந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு மோசமான நாளாவது வந்தால் நல்லது. நல்ல நாளில் எல்லா வீடும் போதும். ஒருவருக்குக் காய்ச்சல், இன்னொருவருக்கு விடிவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. இல்லையென்றால் இருவருக்கும் சண்டை, வெளியே விடாத மழை. அன்றைக்கு அந்த வீடு எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

நாங்கள் இந்தச் சோதனையைச் செய்யாமல் 220 சதுர அடி வீட்டுக்குக் குடிபோனோம். முதல் மாதம் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துப் பார்த்தேன், பக்கத்தில் அவர் இல்லை. குளியலறைக் கதவுக்கு அடியில் ஒரு கோடு வெளிச்சம். திறந்தால், கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து அலுவலகக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். அறையில் விளக்கைப் போட்டால் என் தூக்கம் கெடுமாம். மூன்று வருடம் அந்த வீட்டில் இருந்தோம். நன்றாக இருந்த நாட்களும் நிறைய. ஆனால் அந்த வாளியை மறக்க முடியவில்லை. கதவு வைத்த இன்னொரு இடம், ஒரு ஆள் உட்காரும் அளவுக்காவது, இருக்கிறதா என்று இப்போது யார் கேட்டாலும் முதலில் அதைத்தான் கேட்கிறேன்.

கேள்வி: எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். சிறியதாக இருந்தாலும் சொந்தமாக வாங்கிவிடலாம்தானே?

வாங்கலாம். ஆனால் எலி வளைக்குக்கூட வெளியேற இரண்டு வழி இருக்கும். பரணில் படுக்கை, அதற்குக் கீழே அடுப்பு, அடுப்பைத் தாண்டித்தான் வாசல் என்றிருக்கும் வீட்டை வாங்காதீர்கள். பரணிலிருந்தே ஒரு ஆள் வெளியேறுகிற அளவுக்கு ஜன்னல் இருக்க வேண்டும். கம்பி போட்ட ஜன்னல் கணக்கில் சேராது.

கேள்வி: 200 சதுர அடி என்று விளம்பரம் செய்த வீட்டுக்கு முன்பணம் கொடுத்தேன். டேப் வைத்து உள்ளே அளந்தால் 157தான் வருகிறது. கேட்டால், "எல்லோரும் இப்படித்தான் அளப்பார்கள், உங்களுக்குத்தான் தெரியவில்லை" என்கிறார்கள். நான் ஏமாந்துவிட்டேனா?

ஏமாந்தது உங்கள் குற்றமில்லை. உங்களுக்குத் தெரியவில்லை என்று உங்களிடமே சொன்னார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இந்தச் சதுர அடி விவகாரம் எனக்குப் பல வருடக் கோபம். இடம் எடுத்தே சொல்கிறேன்.

உங்கள் வீடு வெளியே 10 அடிக்கு 20 அடி. நான்கு பக்கமும் ஒன்பது அங்குலச் சுவர். இரண்டு பக்கச் சுவரையும் கழித்தால் உள்ளே எட்டரைக்குப் பதினெட்டரை, அதாவது 157 சதுர அடி. மீதி 43 சதுர அடி சுவருக்குள் இருக்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் உங்களிடம் பணம் கேட்கிறார்கள். இதே சுவரோடு 30 அடிக்கு 40 அடி வீட்டைப் பாருங்கள். 1200-ல் உள்ளே 1097 கிடைக்கும். பெரிய வீட்டில் சுவர் தின்பது நூற்றுக்கு ஒன்பதைக்கூடத் தொடாது, உங்கள் வீட்டில் நூற்றுக்கு இருபத்தொன்று. வீடு சிறுக்கச் சிறுக்கச் சுவர் எடுத்துக்கொள்ளும் பங்கு கூடும். அதனால் பெரிய வீட்டுக்காரருக்கு ஒரு சின்ன வித்தியாசமாகப் போவது, சிறிய வீடு வாங்குபவருக்கு ஒரு கட்டில் போடும் இடமும் ஒரு அலமாரி வைக்கும் இடமும் இல்லாமல் போவதாக முடிகிறது. கையில் காசு குறைவாக இருப்பவர்தான் சிறிய வீடு தேடி வருகிறார். அதிகம் இழப்பவரும் அவரேதான்.

இதோடும் நிற்பதில்லை. பரணையும் தரைப்பரப்பில் சேர்த்துவிடுவார்கள். அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் சர்வதேசக் குடியிருப்பு விதித்தொகுப்பில், 2018 பதிப்பில் குட்டி வீட்டுக்கென்றே ஒரு பிற்சேர்க்கை வந்தது. பரணைச் சேர்க்காமல் 400 சதுர அடி அல்லது அதற்குள் இருப்பதுதான் குட்டி வீடு என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. நிமிர்ந்து நிற்க முடியாத இடத்தை நடமாடும் இடத்தோடு கூட்டக் கூடாது என்பது விதி எழுதியவர்களுக்குப் புரிந்திருக்கிறது. விற்பவர்களுக்கு மட்டும் ஏன் புரிவதில்லை?

கதவையும் கணக்கில் எடுங்கள். உள்பக்கம் திறக்கும் இரண்டரை அடிக் கதவு, திறந்து மூடவே ஏறக்குறைய 5 சதுர அடியைப் பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் ஒரு செருப்புகூட விட முடியாது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. அடுத்த தவணையைக் கொடுக்காதீர்கள். விளம்பரத்தைப் படம் எடுத்து வையுங்கள், நாளைக்கே அது மாறிவிடலாம். ஒவ்வொரு சுவரையும் உள்பக்கமாக அளந்து, அளவுகளை எழுதி, "நீங்கள் சொன்ன பரப்பு இது, உள்ளே இருப்பது இது, விலையைக் குறையுங்கள் அல்லது முன்பணத்தைத் திருப்புங்கள்" என்று எழுத்தில் அனுப்புங்கள். போனில் பேச வேண்டாம். பதில் வராவிட்டால் அந்தக் கடிதத்தோடும் ஒப்பந்தத்தோடும் நுகர்வோர் குறைதீர் அமைப்பிடம் போங்கள். ஒப்பந்தத்தில் பரப்பு எப்படி அளக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறதா என்பதை முதலில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். என்ன நடந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: சக்கரம் வைத்த குட்டி வீடு ஒன்றை இணையத்தில் படம் பார்த்து ஆர்டர் செய்துவிட்டேன். அடுத்த மாதம் வருகிறது. இதை எங்கே நிறுத்தலாம்?

இது பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி. நிலம், தண்ணீர், கழிவுநீர், மின்சாரம் நான்கும் முடிவான பிறகுதான் அந்த வீட்டின் படத்தையே பார்த்திருக்க வேண்டும். இன்றைக்கே உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போய், சக்கர வீட்டில் நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். வண்டியாக நினைத்து ஒரு விதி, வீடாக நினைத்து ஒரு விதி என்று இரண்டும் வந்து நிற்கும். அனுமதி இல்லையென்றால், வீடு வந்து சேருவதற்குள் ஆர்டரை ரத்து செய்யும் வழியைத் தேடுங்கள்.

கேள்வி: எனக்கு 58 வயது, முழங்கால் வலி உண்டு. படுக்கை பரணில், ஏறுவதற்கு ஏணி. பழகிவிடும் என்கிறார்கள்.

வேண்டாம்.

கேள்வி: மடக்குக் கட்டில், மடக்கு மேசை போட்டால் ஒரே அறையை மூன்று அறையாகப் பயன்படுத்தலாம் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

நான் வாங்கியதைச் சொல்கிறேன். சுவரோடு மடிந்துகொள்ளும் கட்டில். கடையில் ஒரு விரலால் இறக்கிக் காட்டினார்கள். அங்கே அதற்கு முன்னால் எதுவும் இல்லை. எங்கள் வீட்டில் அதற்கு முன்னால் மேசை இருந்தது. மேசை மேல் புத்தகங்கள், தண்ணீர்ப் பாட்டில், அவருடைய மூக்குக் கண்ணாடி. ஒவ்வொரு ராத்திரியும் எல்லாவற்றையும் சமையல் மேடைக்கு மாற்றி, மேசையைத் தள்ளி, நாற்காலியை வாசல் பக்கம் வைத்து, அப்புறம்தான் கட்டில் இறங்கும். காலையில் அதே வேலை திரும்பவும். மூன்றாவது வாரத்திலிருந்து கட்டிலை மடக்குவதை விட்டுவிட்டோம். சாதாரணக் கட்டிலைப் போல இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கியது, சாதாரணக் கட்டிலாகவே கிடந்தது. ஒரு வருடத்துக்குள் தூக்கிப்பிடிக்கும் ஸ்பிரிங்கும் தளர்ந்துபோனது. அந்த பாகம் மட்டும் தனியாகக் கிடைக்காது என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள்.

ஆகவே கடைக்குப் போனால் இரண்டே விஷயம் கேளுங்கள். இதை இறக்குவதற்கு முன் வேறு எதை நகர்த்த வேண்டும்? ஸ்பிரிங் போனால் தனியாகக் கிடைக்குமா, எழுதித் தருவீர்களா? முதல் கேள்விக்கு "எதையும் நகர்த்த வேண்டாம்" என்று பதில் வந்தால், வீட்டுத் தரையில் சாக்பீஸால் அளவு போட்டு அது உண்மைதானா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். மடக்கு மேசை பெரும்பாலும் பயன்படும். மடக்குக் கட்டில், அதன் முன்னால் எப்போதும் வெறும் தரை இருக்கும் வீட்டுக்கு மட்டும்தான்.

கேள்வி: குட்டி வீட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. சுவரில் நீர் கோக்கிறது, அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை. குழந்தைக்கு இருமல் நிற்கவில்லை. கட்டியவர், "துணியால் துடைத்துவிடுங்கள்" என்கிறார்.

முதலில் குழந்தையை மருத்துவரிடம் காட்டி, வீட்டில் பூஞ்சை இருப்பதைச் சொல்லுங்கள். படுக்கையை அந்தச் சுவரிலிருந்து உடனே நகர்த்துங்கள்.

துடைப்பது தீர்வே இல்லை. காரணத்தைச் சொல்கிறேன். சமையல் எரிவாயு எரியும்போது வெப்பத்தோடு நீராவியும் வருகிறது. ஒரு கிலோ வாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாகக் கிளம்பும். பானையிலிருந்து வரும் ஆவி, குளியல், ஈரத்துணி, நம் மூச்சு எல்லாம் அதற்கு மேல். பெரிய வீட்டில் இது பரவிக் கரைந்துவிடும். உங்கள் வீட்டில் அதற்குப் போக்கிடமில்லை, குளிர்ந்த சுவரைக் கண்டதும் அங்கேயே நீராகப் படிகிறது. அலமாரிக்குப் பின்னால் காற்றே போகாததால் பூஞ்சை அங்கே முதலில் பிடிக்கிறது.

அடுப்புக்கு மேலும் குளியலறையிலும் காற்றை வீட்டுக்கு வெளியே தள்ளும் விசிறி வேண்டும். காற்றை வடிகட்டி உள்ளேயே திருப்பி விடுகிற சிம்னி இதற்கு உதவாது, ஈரம் அப்படியே தங்கும். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். துணியை உள்ளே உலர்த்தாதீர்கள். இதற்குப் பிறகும் ஒரே சுவர் மட்டும் நனைந்தால், அது வெளியிலிருந்து வரும் கசிவாகவோ குழாய் ஒழுக்காகவோ இருக்கலாம். அதைச் சரிசெய்ய வேண்டியது கட்டியவர். தேதியோடு படம் எடுத்து, எழுத்தில் புகார் கொடுங்கள். காற்றுப் போக வழி வைக்காமல் வீட்டை விற்றுவிட்டு, குழந்தை இருமும் வீட்டில் துணியை எடுத்துத் துடை என்பவரிடம் இனித் தயவாகப் பேச வேண்டியதில்லை.

கேள்வி: குட்டி வீடு வாங்கப் போகிறேன். இருக்கும் சாமான்களைப் போட வெளியே ஒரு அறை வாடகைக்கு எடுத்தால் போதுமா?

அப்படியானால் உங்களுக்குப் பெரிய வீடு தேவைப்படுகிறது. அதை இரண்டு துண்டாக, மாதாமாதம் பணம் கட்டி வைத்துக்கொள்ளப் போகிறீர்கள். முதலில் சாமானைக் குறையுங்கள், அப்புறம் வீடு பாருங்கள்.

கேள்வி: பாதி அளவு வீடு என்றால் பாதி விலைதானே இருக்க வேண்டும்? ஏன் இல்லை?

சமையலறையும் குளியலறையும்தான் ஒரு வீட்டில் அதிகம் செலவு வைப்பவை. வீடு பாதியானாலும் அவை பாதியாவதில்லை. குறைவது வெறும் தரையும் சுவரும். அதனால் சதுர அடிக்கு விலை கூடத்தான் செய்யும். அதில் தவறில்லை. ஆனால் கடன் எதிர்பார்த்து வாங்குகிறீர்கள் என்றால், இந்த அளவு வீட்டுக்குத் தருவீர்களா என்று வங்கியில் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.

கேள்வி: பெரிய மனிதர்களே குட்டி வீட்டில் நிம்மதியாக இருந்திருக்கிறார்களே, நாம் ஏன் பயப்பட வேண்டும்?

இருந்திருக்கிறார்கள். எப்படி இருந்தார்கள் என்பதையும் பாருங்கள். அமெரிக்க எழுத்தாளர் தோரோ 1845-ல் வால்டன் குளக்கரையில் 10 அடிக்கு 15 அடியில் குடில் கட்டி, இரண்டு வருடத்துக்குச் சற்று மேல் வாழ்ந்தார். நடந்து போகும் தூரத்தில் குடும்பத்தார் வீடு இருந்தது, அடிக்கடி போய்வந்தார். கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே பிரான்சின் கடற்கரையில் 1952-ல் கட்டிக்கொண்ட மரக் குடில், பக்கத்துக்கு 3.66 மீட்டர்தான். அதில் சமையலறை இல்லை, ஒட்டியிருந்த உணவகத்துக்குள் திறக்கும் ஒரு கதவு இருந்தது. டோக்கியோவில் 1972-ல் கட்டடக் கலைஞர் குரோகாவா கட்டிய நாககின் கோபுரத்தில் 140 அறைப்பெட்டிகள், ஒவ்வொன்றும் சுமார் 10 சதுர மீட்டர். அவற்றிலும் சமையலறை கிடையாது. பெட்டிகளை 25 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதாகத் திட்டம், ஆனால் மாற்றவே இல்லை. 2022-ல் கோபுரத்தையே பிரித்துவிட்டார்கள்.

இவர்கள் எல்லோருக்கும் வீட்டின் ஒரு பகுதி வெளியே இருந்தது. உங்களுக்கு அது என்ன? நடந்து போகும் தூரத்தில் நூலகமா, பூங்காவா, அக்கா வீடா? இருக்கிறது என்றால் பயமே வேண்டாம், தைரியமாக வாங்குங்கள். ஊருக்கு வெளியே, பேருந்து வராத இடத்தில், விலை குறைவு என்பதற்காக மட்டும் பார்க்கிறீர்கள் என்றால் அந்த வீட்டைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள்.

கேள்வி: ஒரு வருடம் குட்டி வீட்டில் இருந்து பார்த்தேன். முடியவில்லை, விற்றுவிட்டு வாடகைக்கு வந்துவிட்டேன். "உனக்கு ஆசை அதிகம்" என்கிறார்கள் வீட்டில்.

ஒரு கதவும் அதற்குப் பின்னால் கொஞ்சம் அமைதியும் கேட்டிருக்கிறீர்கள். அது ஆசை இல்லை. நாங்கள் அந்த 220 சதுர அடியைக் காலி செய்த அன்று, நான் முதலில் சாமான் வண்டியில் ஏற்றியது அந்த வாளியைத்தான்.