வாடகை வாங்க ஆள் வைத்தால் ‘பவர்’ எவ்வளவு கொடுக்கலாம்?

கேள்வி: நாங்கள் தோகாவில் வசிக்கிறோம். சென்னை மடிப்பாக்கத்தில் இரண்டு போர்ஷன் கொண்ட சொந்த வீடு இருக்கிறது. இதுவரை சித்தப்பாதான் பார்த்துக்கொண்டார். இப்போது அவருக்கு மூட்டுவலி, அலைய முடியவில்லை. அதே தெருவில் வீட்டுத் தரகு செய்பவர், “பொது பவர் எழுதிக் கொடுங்கள், வாடகை, ரிப்பேர் எல்லாம் என் பொறுப்பு” என்கிறார். கொடுக்கலாமா? – வாசகி, தோகா

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் வீட்டுக்காரர்களுக்கும் குடித்தனக்காரர்களுக்கும் வாதாடியவள் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். குழாய் மாற்றுவதற்கும் வாடகைக்கு ஆள் பிடிப்பதற்கும் வீட்டை விற்கும் அதிகாரம் எதற்கு? பொது அதிகாரப் பத்திரம் (அதுதான் ‘பொது பவர்’) என்றால், தட்டச்சு செய்பவர் பழைய படி ஒன்றை வைத்துக்கொண்டு ‘விற்க, அடமானம் வைக்க, முன்பணம் பெற’ என்ற வரிகளையும் சேர்த்தே அடித்துவிடுவார். அதைக் கண்டுகொள்ளாமல் கையெழுத்துப் போட்டவர்கள் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

உங்களுக்குத் தேவை சிறப்பு அதிகாரப் பத்திரம். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது, அதைப் பதிவது, வரி கட்டுவது, பழுது பார்ப்பது ஆகியவற்றோடு நிறுத்துங்கள். காலக்கெடுவும் எழுதுங்கள். தோகாவில் இந்தியத் தூதரக அதிகாரி முன்பு கையெழுத்திட்டு அனுப்பினால், இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்திவிட வேண்டும்.

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்திலேயே, உரிமையாளர் சார்பில் வீட்டைக் கவனித்துக்கொள்ளும் சொத்து மேலாளருக்கு இடம் உண்டு. அவர் ரசீது கொடுத்து வாடகை வாங்கலாம், அவசியமான பழுதுகளைச் செய்யலாம், வீட்டை அவ்வப்போது பார்வையிடலாம், குடித்தனக்காரருக்கு நோட்டீஸ் தரலாம். மற்றதெல்லாம் உங்கள் உத்தரவின்பேரில் மட்டுமே.

சட்டம் அனுமதித்தாலும், வாடகைப் பணம் அவர் கை வழியாக வர வேண்டாம் என்பேன். உங்கள் என்.ஆர்.ஓ. கணக்குக்கே (வெளிநாட்டில் வசிப்பவர்கள் இந்திய வருமானத்துக்காக இங்கு வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) நேராக வரட்டும். அவருக்குரிய கூலியை நீங்கள் தனியாக அனுப்புங்கள். வெளிநாட்டில் வசிப்பவருக்கு வாடகை கொடுப்பவர் 31.2 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும் என்பதைக் குடித்தனக்காரரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். இதைப் பேசாமல் விட்டால் பின்னால் இருவருக்கும் வருமான வரி நோட்டீஸ் வரலாம்.

ஆள் எப்படி என்று தெரிய மழைக்காலத்தைப் பற்றிக் கேளுங்கள். மடிப்பாக்கம் தாழ்வான பகுதி. மழை வலுத்தால் தெருத்தண்ணீர் சம்ப்புக்குள் இறங்கிவிடும். ஐப்பசிக்கு முன்பே மொட்டை மாடிக்கு ஏறி, தண்ணீர் போகும் துவாரத்தில் அடைத்த இலைகளை அள்ளுவாரா? சம்ப்பு மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பாரா? “அதெல்லாம் குடியிருப்பவர் பார்த்துக்கொள்வார்” என்று சொன்னால் வேறு ஆளைத் தேடுங்கள். செலவு இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டினால் உங்களைக் கேட்க வேண்டும், பில்லும் புகைப்படமும் அனுப்ப வேண்டும் என்று அவரோடு போடும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சொத்து வரியை ஏப்ரலிலும் அக்டோபரிலும் நீங்களே இணையத்தில் கட்டிவிடலாம்.

கேள்வி: நான் வாடகைக்கு இருப்பவன். புதிதாக ஒருவர் வந்து, “இனி நான்தான் மேலாளர், அடுத்த மாத வாடகையை என்னிடம் கொடுங்கள்” என்கிறார். வீட்டுக்காரர் வெளியூர். என்ன செய்வது? – வாசகர், தாம்பரம்

பதில்: அவர் பெயர், அவரை நியமித்ததற்கான அத்தாட்சி, எந்தெந்த வேலைக்கு, எவ்வளவு காலத்துக்கு என்பதையெல்லாம் வீட்டுக்காரர் உங்களுக்குத் தெரிவித்தாக வேண்டும். அதைக் கேட்பது உங்கள் உரிமை, தயங்காதீர்கள். தகவல் வரும்வரை வழக்கமான கணக்கிலேயே உரிய தேதியில் வாடகையைப் போட்டு, போட்ட விவரத்தை வீட்டுக்காரருக்குச் செய்தியாக அனுப்பிவிடுங்கள். அந்த ஆள் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவதாக மிரட்டினால், அது சட்டப்படி தடை செய்யப்பட்ட செயல். வாடகைச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் உடனே மனு கொடுங்கள்.