தலைமையாசிரியரின் கண்டிப்பு – கடிதம்

ஐயா,

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பட்டதாரி ஆசிரியராக இருக்கிறேன். முந்தைய தலைமையாசிரியர் யாரையும் கடிந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். பாதிப் பேர் தாமதமாகத்தான் வருவோம். ஆனால் மாலையில் தங்கிப் பத்தாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்தோம். புதியவர் முதல் மணி அடித்ததுமே வருகைப் பதிவேட்டைத் தன் அறைக்கு எடுத்துப்போய்விடுகிறார். எதற்கெடுத்தாலும் மெமோ. இப்போது நேரத்துக்கு வருகிறோம், நேரத்துக்குக் கிளம்பிவிடுகிறோம். யார் கையில் பள்ளி உருப்படும்?

ஓர் ஆசிரியர்

அன்புள்ள நண்பருக்கு,

இருவரில் ஒருவர்தான் என்றால் நான் புதியவரையே எடுப்பேன். மாலையில் நீங்கள் தங்கியது நல்ல காரியம். ஆனால் முதல் பாடவேளையில் ஆசிரியர் இல்லாமல் உட்கார்ந்திருந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதில் என்ன கிடைத்தது? உங்கள் கடிதத்தில் அவர்கள் வரவே இல்லை.

இந்த இருவரில் யாராவது உங்கள் வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒரு பாடவேளை முழுக்க உட்கார்ந்ததுண்டா? பாடக்குறிப்பேட்டில் போடும் கையெழுத்தைச் சொல்லவில்லை. எட்டாம் வகுப்பில் யார் யாருக்குத் தமிழ் தடங்கலின்றி வாசிக்க வராது என்று அவர்களுக்குத் தெரியுமா? தெரிந்தவர் சிடுசிடுத்தாலும் சரி, சிரித்துப் பேசினாலும் சரி.

நிக் புளூம் முதலிய பொருளியலாளர்கள் 8 நாடுகளில் 1,800-க்கும் மேற்பட்ட பள்ளிகளின் நிர்வாகத்தை ஆராய்ந்து 2015இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தலைமையாசிரியரின் குணத்தை அவர்கள் அளக்கவில்லை. மாணவர்களின் முன்னேற்றத்தை எப்படிக் கவனிக்கிறார், சரியாக நடத்தாத ஆசிரியரை என்ன செய்கிறார் என்பது போன்றவற்றைத்தான் கேட்டார்கள். நிர்வாகம் நன்றாக இருந்த பள்ளிகளில் பிள்ளைகளின் படிப்பும் நன்றாக இருந்தது. நிர்வாக மதிப்பெண்ணில் எட்டு நாடுகளில் இந்தியா கடைசி.

சரி, இதை ஒரு திட்டமாகப் போட்டுவிடலாமே என்றால், அதையும் செய்து பார்த்தாயிற்று. மத்தியப் பிரதேசத்தில் பள்ளிகளை மதிப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் மேம்பாட்டுத் திட்டம் எழுதவைத்தார்கள். பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் அபிஜீத் சிங்கும் ஆராய்ந்தபோது காகிதமெல்லாம் கச்சிதமாக இருந்தது. ஆசிரியர் வருகையும் மாறவில்லை, பிள்ளைகளின் படிப்பும் மாறவில்லை. அப்படியும் திட்டம் மற்ற மாநிலங்களுக்குப் போனது! காகிதம் நன்றாக இருந்தால் நமக்குப் போதும்.

இங்கேயும் பணிமூப்பில் மேலே வரும் தலைமையாசிரியரின் பொழுது எமிஸ் என்ற அரசு இணையதளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவேற்றுவதிலும் கூட்டங்களிலும் போய்விடுகிறது. மேலிருந்து கேட்பது தேர்ச்சி விழுக்காடு. கண்டிப்பானவர்களிடம் எனக்குப் பயம் இந்த இடத்தில்தான். விழுக்காட்டை ஏற்றச் சுலபமான வழி, தேறமாட்டான் என்று தோன்றும் பையனை ஒன்பதாம் வகுப்போடு டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவது. பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு என்று பள்ளி வாசலில் பேனர் வைத்துவிடலாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள் என்று அடுத்த கூட்டத்தில் அவர்களில் ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டால் மெமோ வரும்.