பழைய 85 மிமீ எஃப்1.4 லென்ஸ்: நிறப்பிறழ்ச்சியையும் பின்னணி மங்கலையும் வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

கோலாலம்பூரில் செகண்ட் ஹேண்ட் லென்ஸ் என்றால் முதலில் கவனிக்க வேண்டியது ஏர்கோன். குளிர்ந்த அறையிலிருந்து எடுத்த கண்ணாடியில் வெளிக்காற்று பட்டதும் நீர் பூக்கும். அந்த மூட்டம் படத்தில் கோளப் பிறழ்ச்சி (லென்ஸின் ஓரத்துக் கதிர்களும் நடுக் கதிர்களும் ஒரே புள்ளியில் சேராத குறை) மாதிரியே தெரியும். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்திருங்கள். யூவி ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி இழை போல் பூஞ்சை தெரிந்தால் அதோடு விட்டுவிடலாம்.

சுவரில் ஒட்டும் சோதனைச் சார்ட்டை விட மாதக் காலண்டர் போதும். அதை மேசையில் கிடத்தி, டிரைபாடில் கேமராவை 45 பாகை சாய்த்து, ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். ரா கோப்பு, 2 வினாடி டைமர், லென்ஸ் திருத்தங்கள் எல்லாம் ஆஃப். எஃப்1.4இல் (லென்ஸின் துளை முழுதாகத் திறந்த நிலையில்) நடுவிலுள்ள கறுப்புத் தேதியில் ஃபோகஸ் செய்து, உடனே மேனுவலுக்கு மாற்றுங்கள். பிறகு 1.4, 2, 2.8, 4 என்று எடுங்கள். இந்தத் தூரத்தில் எஃப்1.4இன் கூர்மை ஆழம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். அதற்கு முன்னால் உள்ள எண்களின் ஓரம் ஊதாச் சிவப்பாகவும் பின்னால் உள்ளவை பச்சையாகவும் இருந்தால் அது நீளவாட்டு நிறப்பிறழ்ச்சி. அபெர்ச்சரை, அதாவது அந்தத் துளையை, சுருக்கச் சுருக்க குறையும். மூலைகளில் மட்டும் வரும் பக்கவாட்டு நிறப்பிறழ்ச்சி அப்படிக் குறையாது, ஆனால் மென்பொருளில் ஒரே சொடுக்கில் போய்விடும். முதல் வகைதான் தலைவலி: மணப்பெண்ணின் மல்லிகைச் சரத்தில் படிந்த பச்சையையும் ஊதாவையும் நீக்கப் போனால், பட்டுச்சேலையின் ஊதாக் கரையும் சேர்ந்து வெளுக்கும்.

சுருக்கும்போது கூர்மையான வரிசை பின்னால் நகர்கிறதா? அது ஃபோகஸ் நகர்வு. கோளப் பிறழ்ச்சி முழுதாகத் திருத்தப்படாத லென்ஸில் வரும். அதே குறைதான் பின்னணி விளக்குகள் மங்கி உண்டாகும் வட்டங்களின் ஓரத்தை மென்மையாக்குகிறது என்பதால், உருவப்படத்துக்கு இதை நான் குறையாகவே எண்ணமாட்டேன். மாறாக, வட்டத்தின் விளிம்பு பளிச்சென்று வளையம் கட்டினால் பின்னணி இரட்டைக் கோடாய் இரைச்சலிடும்.

வட்டங்களைப் பார்க்க பிரிக்பீல்ட்ஸ் தீபாவளி விளக்குகள் நல்ல இடம். ஆளை 1.5 மீட்டரில் நிறுத்துங்கள், விளக்குகள் 20 மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எல்இடி துடிப்பு விழாமலிருக்க ஷட்டர் 1/100. வட்டத்துக்குள் அடுக்கடுக்காக வெங்காய வளையம் தெரிந்தால் அது அச்சில் வார்த்த ஆஸ்பெரிக்கல் (கோள வளைவில்லாத) கண்ணாடியின் தடம். ஓரங்களில் பூனைக்கண் வடிவம் எஃப்2.8க்குள் பெரும்பாலும் உருண்டைக்குத் திரும்பும். பகல் வெயிலில் 1/2000க்கு மேல் போகும்போது வட்டத்தின் ஒரு பக்கம் வெட்டுப்பட்டால் லென்ஸைத் திட்டாதீர்கள். மின்னணு முதல் திரை ஷட்டரை (படப்பதிவை இயந்திரத் திரைக்குப் பதில் சென்சரே தொடங்கும் முறை) மெக்கானிக்கலுக்கு மாற்றுங்கள்.

கடைசியாக, தூரத்து ஒற்றை விளக்கைப் படத்தின் நான்கு மூலைகளிலும் மாறி மாறி வைத்துக் கூர்மையாக எடுங்கள். நான்கிலும் ஒரே மாதிரி இறக்கை முளைத்தால் அது கோமா, அந்த மாடலின் இயல்பு. ஒரு மூலையில் மட்டும் இழுத்துக்கொண்டு போனால் உள்ளே கண்ணாடி மையம் விலகியிருக்கிறது. விலை எவ்வளவு குறைத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.