மலையில் கடைக் கட்டடம்: பிளேனுக்கு முன் மண்ணைப் பாருங்கள்

கடை, விடுதி, வாடகைக்கு விடும் மாடி என்று வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஹட்டன் பிரதான வீதிக்கு மேல்புறம் 15 பேர்ச்சஸ் காணி இருக்கிறது, நல்ல சரிவு. கீழே கடைகள், மேலே அலுவலகம் என்று யோசனை. பிளேன் வரையக் கொடுத்துவிடலாமா?

இப்போதே கொடுக்க வேண்டாம். முதலில் நில அளவையாளரைக் கொண்டு எல்லையோடு சரிவின் உயரங்களையும் அளந்து எடுங்கள். அடுத்தது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் பிளேனை அங்கீகரிக்கும் முன் உள்ளூராட்சி சபை அந்த நிறுவனத்தின் அறிக்கையைக் கேட்கும். அந்த அறிக்கை பெரும்பாலும் நிபந்தனைகளோடுதான் வரும்: எவ்வளவு வெட்டலாம், தண்ணீரை எப்படி வெளியேற்ற வேண்டும் என்றெல்லாம் இருக்கும். நான்கு மாடிக்கு பிளேன் வரைந்த பிறகு அது கையில் கிடைத்தால், வரைந்த காசு வீண்.

நம் ஊர்களில் அதிகம் நடக்கும் தவறு ஒன்று உண்டு. பின்பக்கம் மேட்டை வெட்டி, அந்த மண்ணையே முன்பக்கம் நிரப்பி, சமதரை எடுத்துவிடுகிறார்கள். மேட்டுக்கு முட்டாக நிற்பதே அதன் அடிமண்தான், அதை எடுத்தால் மேலே இருப்பது ஆடத் தொடங்கும். நிரப்பிய மண்ணோ வருடக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். பாதிக் கட்டடம் இறுகிய தரையிலும் பாதி நிரப்பிய மண்ணிலும் நின்றால் நடுவில் வெடிப்பு வராமல் இருக்காது. சரிவோடு சேர்ந்து தட்டுத் தட்டாகக் கட்டச் சொல்லுங்கள். வெட்டுவது குறையும், செலவும் பெரும்பாலும் குறையும்.

தடுப்புச் சுவரைத் தள்ளுவது மண் மட்டுமல்ல, அதன் பின்னால் தேங்கும் தண்ணீரும்தான். சுவரில் வடிதுளைகள், பின்னால் சல்லி, மேல்பக்கம் ஒரு கான் ஆகிய மூன்றும் இல்லாவிட்டால் எவ்வளவு தடிப்பாகக் கட்டியும் பயனில்லை. அடைமழை நாளில் ஒருமுறை காணிக்குப் போய், மேலேயுள்ள தோட்டத்துக் கான் எங்கே வந்து விழுகிறது என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

இன்னொன்று. அந்த வீதி ஏ-7. வீதியிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்பதை நகர சபையிலும் வீதி அபிவிருத்தி அதிகார சபையிலும் எழுத்தில் வாங்குங்கள். 15 பேர்ச்சஸ் என்றால் 4,000 சதுர அடிக்குச் சற்று மேல். வீதிக்கும் வாகனம் நிறுத்தவும் விட்ட பிறகு மிஞ்சுவதில்தான் கடை.

2024இல் எடுத்த மண்சரிவு அறிக்கை கையில் இருக்கிறது. அதுவே போதுமா?

போதாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தை உலுக்கிப் போட்டது. உங்கள் காணிக்கு மேலே புதிதாக வெடிப்போ ஊற்றோ தென்பட்டால், பழைய கடிதத்தை நம்பி ஒரு மண்வெட்டி மண்ணைக்கூட எடுக்காதீர்கள். மீண்டும் பார்க்கச் சொல்லி விண்ணப்பியுங்கள்.

பண்டாரவளையில் கட்டுகிறோம். தலவாக்கலை உறவினர் பொங்கல் முடிந்து மண் வெட்டச் சொல்கிறார்.

அவர் ஊருக்கு அது சரி. மேற்குச் சரிவுக்குத் தென்மேல் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை, அதனால் ஜனவரி முதல் மார்ச் வரை அங்கே மழை குறைந்த காலம். பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கத்துக்கு வடகீழ் பருவம் டிசம்பரில் தொடங்கி பெப்ரவரி வரை நீளும். உங்களுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் நல்ல காலம். அதற்குள் அத்திவாரம், தடுப்புச் சுவர், கான் எல்லாம் முடிய வேண்டும். ஒக்டோபர், நவம்பரில் இரண்டு பக்கத்திலும் கடும் மழை பெய்யும், அப்போது மேடு திறந்து கிடக்கக் கூடாது.

தோட்டத்துக் காணி ஒரு துண்டு விலைக்கு வருகிறது. துரையின் கடிதம் இருக்கிறது என்கிறார்கள்.

கடிதம் காணி உறுதி ஆகாது. 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகள் பெரும்பாலும் அரச காணியைக் குத்தகைக்கு எடுத்தே நடத்துகின்றன. குத்தகைக்காரர் காணியை விற்க முடியாது. காணிப் பதிவகத்தில் 30 வருடப் பதிவுகளைத் தேடிப் பார்க்கும்படி ஒரு நொத்தாரிசிடம் கொடுங்கள். அது முடியும்வரை முற்பணம் கொடுக்காதீர்கள். வீடு கட்டவென்று அரசு கொடுத்த 7 பேர்ச்சஸில் கடை போட நினைப்பவர்களும் உறுதியிலுள்ள நிபந்தனையை வாசித்துவிட்டே தொடங்க வேண்டும்.

நுவரெலியாவில் 10 அறை விடுதி. கழிவுநீருக்கு ஊறுகுழி போதுமா?

வீட்டுக்குப் போதுமான குழி 10 அறைக்குப் போதாது. அதைவிட முக்கியம், சரிவில் ஊறவிடும் தண்ணீர் உங்கள் அத்திவாரத்துக்கோ கீழ்வீட்டு மேட்டுக்கோ போய்ச் சேரும். இடத்தைப் பொறியியலாளர் குறிக்கட்டும், சபையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் முன்கூட்டியே காட்டுங்கள்.

தெரிந்த மேசன் பாஸ்தான் கட்டுகிறார். ஒப்பந்தம் எழுதத்தான் வேண்டுமா?

கட்டாயம். என்ன வேலை, எந்த அளவு, எந்தக் கட்டம் முடிந்தால் எவ்வளவு பணம், சீமெந்து விலை ஏறினால் யார் தாங்குவது என்று எழுதுங்கள். ஒவ்வொரு கொடுப்பனவிலும் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, ஒரு மழைக்காலம் கடந்த பிறகு விடுவியுங்கள். வெட்டிய மண்ணை எங்கே கொட்டுவது என்பதையும் அதில் சேருங்கள். அதை ஓடைப் பக்கம் தள்ளிவிட்டால், அயலவர்கள் தேடி வருவது காணிச் சொந்தக்காரரான உங்களைத்தான்.