மேல் தாடையில் சிஸ்ட் (நீர்க்கட்டி) எடுத்து நாலு மாதம் ஆகிறது, எக்ஸ்ரேயில் இன்னும் கறுப்பாகத் தெரிகிறது, போன் கிராஃப்டும் (குழியை நிரப்பும் எலும்புப் பொடி) வைக்கவில்லை. எலும்பு வளருமா?

பெரும்பாலும் வளரும். நாலாவது மாத எக்ஸ்ரேயில் கறுப்பு இருப்பது இயல்பு. அதை வைத்துக் கட்டி திரும்பிவிட்டது என்று முடிவு செய்ய வேண்டாம்.

எனக்கும் மேல் வரிசையில், நடுப்பல்லுக்கு அடுத்த பல்லில்தான் வந்தது. பள்ளியில் படிக்கும்போது கிரிக்கெட் பந்து பட்டது. பல் உடையவில்லை, நிறம் மட்டும் மங்கியது. உள்ளே நரம்பு செத்துப்போய், வேர் நுனியில் மெதுவாகக் கட்டி வளர்ந்திருக்கிறது. மேலுதட்டுக்குப் பின்னால் ஈறு புடைத்த பிறகுதான் பல் டாக்டரிடம் போனேன். ரூட் கெனால் செய்து, ஈறைத் திறந்து, கட்டியை உறையோடு எடுத்து, வேர் நுனியில் சுமார் 3 மில்லிமீட்டர் வெட்டி எம்டிஏ என்ற சிமெண்ட் போன்ற பொருளை வைத்து அடைத்தார்கள். எனக்கும் கிராஃப்ட் வைக்கவில்லை.

கட்டி எடுத்த குழியில் முதலில் ரத்தம் நிறைந்து உறைகிறது. அதற்குள் புது ரத்தக்குழாய்கள் நுழைகின்றன, மென்மையான திசு உண்டாகிறது, பிறகு அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து எலும்பாகிறது. எலும்பை உண்டாக்கும் செல்கள் பெரும்பாலும் குழியின் சுவரிலிருந்துதான் வருகின்றன. கோடையில் குளம் வற்றும்போது கரை உள்ளே நகர்ந்து வருமே, அப்படித்தான் இதுவும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுருங்கும். எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிய சுண்ணாம்பு போதுமான அளவு படிய வேண்டும். அதனால் உள்ளே வேலை நடந்துகொண்டிருந்தாலும் படம் சில மாதம் பின்தங்கியே இருக்கும். சிறிய குழி நிரம்ப ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகலாம். பெரியதாக இருந்தால் இரண்டு வருடம், அதற்கு மேலும் ஆகும். ஈறு இரண்டு வாரத்தில் ஆறிவிடுவதால் எலும்பும் அதே வேகத்தில் சேரும் என்று எதிர்பார்க்கிறோம். அதில்தான் பாதி பயம் வருகிறது.

எனவே நடுவில் இருக்கும் கறுப்பைப் பார்க்காமல் ஓரத்தைப் பாருங்கள். முன்பு கூர்மையாக இருந்த கோடு மங்கி, உள்பக்கமாக மெல்லிய இழைகள் வர ஆரம்பித்திருந்தால் நல்லது. பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சின்ன ஃபிலிமில் கோணம் மாறினாலே குழி பெரிதாகவோ சிறிதாகவோ தெரியும். சந்தேகம் இருந்தால் டாக்டர் சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் சொல்வார், ஒவ்வொரு முறையும் அது தேவைப்படாது. கிராஃப்ட் வைத்தவர்களின் எக்ஸ்ரேயோடு உங்களுடையதை ஒப்பிடாதீர்கள். பெரும்பாலான கிராஃப்ட் பொடி வைத்த அன்றே வெள்ளையாகத் தெரியும், அது அவர்கள் உடம்பில் வளர்ந்த எலும்பு அல்ல. சுற்றுச்சுவர் நன்றாக இருக்கும் சின்னக் குழிக்குக் கிராஃப்ட் தேவையில்லை.

டாக்டரிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: "அண்ணத்துப் பக்கச் சுவர் இருந்ததா?" மேல் தாடை எலும்பு பஞ்சு போன்றது, ரத்த ஓட்டம் அதிகம், அது நமக்குச் சாதகம். ஆனால் முன்பல் பகுதியில் சுவர்கள் மெலிசு. உதட்டுப் பக்கச் சுவரும் அண்ணத்துப் பக்கச் சுவரும் இரண்டுமே கரைந்திருந்தால், எலும்பு வருவதற்குள் இரு பக்கத்துச் சதையும் உள்ளே வளர்ந்து நடுவில் தழும்பாகிவிடலாம். அதைத் தடுக்கத்தான் சிலருக்கு மெம்பரேன் என்ற மெல்லிய தடுப்புப் படலம் வைக்கிறார்கள். அந்தத் தழும்பு எக்ஸ்ரேயில் ஒரு சின்னக் கறுப்பாக நிரந்தரமாகத் தங்கும். வலி, வீக்கம், சீழ் எதுவும் இல்லாமல், வருடா வருடம் எடுக்கும் படத்தில் அளவு பெருகாமல் இருந்தால் அதை மறுபடி அறுக்க வேண்டியதில்லை. எனக்கும் வேருக்குப் பின்னால் அப்படி ஒரு புள்ளி இருக்கிறது.

கால்சியம் மாத்திரை எலும்பை வேகப்படுத்தும் என்று சொல்வார்கள். உடம்பில் குறைபாடு இல்லாதவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை. சிகரெட்டை விடுவதும், சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் வைப்பதும்தான் உதவும். வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் மூக்குக்கு ஏறினாலோ, ஈறில் சீழ்க்கொப்புளம் வந்தாலோ, பல் ஆட ஆரம்பித்தாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள். பக்கத்துப் பற்களுக்கு உயிரோட்டம் இருக்கிறதா என்றும் ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள்.

எடுத்த கட்டியைச் சோதித்த பயாப்சி ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிவிட்டீர்களா? தையல் பிரித்ததும் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். நரம்பு செத்த பல்லிலிருந்து வந்த ரேடிகுலர் சிஸ்ட் என்றால், உறை முழுதாக வந்து ரூட் கெனாலும் சரியாக அடைபட்டிருக்கும்போது திரும்ப வருவது அரிது. கெரட்டோசிஸ்ட் என்று எழுதியிருந்தால் கதை வேறு. அது திரும்ப வரும் வகை, எலும்பு நிரம்பிய பிறகும் பல வருடம் எக்ஸ்ரே எடுத்துக் கண்காணிக்க வேண்டும். இன்னும் வாங்கவில்லை என்றால், அடுத்த எக்ஸ்ரேவுக்கு முன்னால் அதை வாங்கிவிடுங்கள்.