பழைய மகிந்திரா ஜீப்பின் முன்பக்கம் கூடுதல் விளக்குகள் பொருத்தலாமா?

மலைப்பாதையில் இரவில் ஓட்டுவதற்காகப் பழைய ஜீப்பின் முன்பக்கம் இரண்டு கூடுதல் விளக்குகளைப் பொருத்தலாமா, பழைய ஒயரிங் அதைத் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொருத்தலாம். ஆனால் புதிய விளக்கு வாங்குவதற்கு முன், இருக்கிற ஹெட்லைட்டுக்கு மின்சாரம் முழுமையாகப் போய்ச் சேருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறைக்குச் செல்லும் சாலையில் நான் பல ஆண்டுகளாக மகிந்திராவின் எம்.எம். 540 ஜீப் ஓட்டுகிறேன். ஹெட்லைட் மங்கலாக இருக்கிறதே என்று நானும் புதிய விளக்கு வாங்கத்தான் இருந்தேன். அதற்கு முன் எஞ்சினை ஓடவிட்டு மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது பேட்டரி முனைகளில் 13.8 வோல்ட் இருந்தது; பல்பு ஹோல்டரிலோ 11.2 வோல்ட்தான் வந்தது. வோல்ட் சிறிது குறைந்தாலும் ஹாலஜன் பல்பின் ஒளி வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால், அந்த இழப்பிலேயே ஏறக்குறைய பாதி வெளிச்சம் போயிருந்தது. என் வண்டியில் விளக்குக்கான மின்சாரம் முழுவதும் டேஷ்போர்டு ஸ்விட்ச், டிம்-பிரைட் ஸ்விட்ச் இரண்டையும் கடந்தே பல்புக்கு வந்துகொண்டிருந்தது. ஸ்விட்சைக் கழற்றினால் பின்புறப் பிளாஸ்டிக் சூட்டில் பழுப்பேறியிருந்தது. எர்த் ஒயர் பாடியோடு சேரும் இடத்தில் துருவும், செம்பில் பச்சைக் களிம்பும் ஏறியிருந்தன. அவற்றைச் சுரண்டித் துடைத்து, டிம்முக்கு ஒன்றும் பிரைட்டுக்கு ஒன்றுமாக இரண்டு ரிலேக்கள் (ஸ்விட்சிலிருந்து வரும் சிறு மின்சாரத்தால் இயங்கி, பேட்டரியின் மின்சாரத்தை நேரே பல்புக்கு அனுப்பும் சாதனம்) போட்டதும், பழைய பல்புகளே சாலையின் ஓரக்கல்வரை காட்டின.

அதற்குப் பிறகும் கூடுதல் விளக்கு தேவைப்பட்டால், ஹெட்லைட் ஒயரிலிருந்து ஒட்டுப்போட்டு இணைப்பு எடுக்காதீர்கள். 55 வாட் விளக்குகள் இரண்டு சேர்ந்து 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்தச் சுமையைப் பழைய ஸ்விட்ச் தாங்காது. பேட்டரியின் அருகிலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, அங்கிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை ரிலேயில் 30 என்று எண் போட்டிருக்கும் முனைக்குக் கொண்டுவாருங்கள். 87இலிருந்து விளக்குக்கும், 85இலிருந்து எர்த்துக்கும் ஒயர் போக வேண்டும். 86க்கு வரும் மெல்லிய ஒயர் மட்டும் உங்கள் புதிய ஸ்விட்ச் வழியாக வரட்டும். அந்த ஒயருக்கான மின்சாரத்தை டிம் இணைப்பிலிருந்து எடுத்தால், பிரைட் போட்டவுடன் இந்த விளக்குகள் தாமாகவே அணைந்துவிடும். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் பழைய ஆல்டர்னேட்டர் சிறியது என்பதால், எல்லா விளக்குகளையும் வைப்பரையும் போட்டு, ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) பேட்டரியின் வோல்ட் 13க்குக் கீழே இறங்குகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

எந்த விளக்கு என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. மூடுபனி இறங்கும் மலையில் தூரம் பாயும் விளக்கால் பயனில்லை. ஒளி பனித்துளிகளில் பட்டுத் திரும்பி, கண்ணுக்கு நேரே வெள்ளைச் சுவர்போல் நின்றுவிடும். அகலமாகப் பரவி, மேல் விளிம்பு கத்தரித்ததுபோல் நிற்கும் ஃபாக் விளக்கே வேண்டும். அதை ஹெட்லைட்டுக்குக் கீழே, இரும்பு பம்பரின் இரு ஓரங்களில் பொருத்துங்கள். கிரில்லுக்கு முன்னால் வைத்தால் ஏற்றத்தில் ரேடியேட்டருக்குக் காற்று குறையும். மேற்கூரையில் வைத்தால் ஒளி பானெட்டில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும். முன்புறத்தில் ஸ்பாட் லைட் வைப்பதை மத்திய மோட்டார் வாகன விதிகளின் 111ஆம் விதி தடுக்கிறது. பம்பருக்கு முன்னால் கூடுதலாகப் பொருத்தும் இரும்புச் சட்டமான புல் பார்களுக்கு எதிராகவும் மத்திய அரசு 2017 டிசம்பரில் உத்தரவிட்டது.

கடைசியாக, வழக்கமாக ஏற்றும் ஆட்களோடும் சுமையோடும் வண்டியைச் சமதளத்தில், சுவரிலிருந்து 25 அடி தள்ளி நிறுத்துங்கள். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் அமுங்கினால் முன்பக்க ஒளி மேலே எழும்பிவிடும். ஃபாக் விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் சுண்ணக்கட்டியால் குறித்து, ஒளியின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 4 அங்குலம் கீழே விழும்படி திருப்பிவைத்து நட்டை இறுக்குங்கள். மலைச்சாலைக் குலுங்கலில் நட்டு தளரும் என்பதால், அடியில் ஸ்பிரிங் வாஷர் போட மறக்காதீர்கள்.