ஒளி வேகமானது என்பதால்தான் ஃபைபர் இணையம் வேகமாக இருக்கிறதா?

செப்புக் கம்பியில் மின்சாரம் போகிறது, ஃபைபரில் ஒளி போகிறது, ஒளிதான் வேகமானது, அதனால்தான் ஃபைபர் இணையம் வேகமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டு இணைப்பை மாற்றும் யோசனையில் இருக்கிறீர்கள் போலும். ஃபைபர் இழைகளை இணைப்பதே என் தொழில். இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை.

காரணம் அதுவல்ல. வெற்றிடத்தில் நொடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் போகிற ஒளி, ஃபைபர் இழையின் கண்ணாடிக்குள் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சாதாரண லேன் கேபிளின் செப்பில் போகும் சமிக்ஞைக்கும் கிட்டத்தட்ட அதே வேகம். டிவிக்கு வரும் கேபிள் போன்ற சில கோஆக்சியல் கேபிள்களில் ஃபைபரைவிட வேகமாகவே போகும். எலக்ட்ரான் அவ்வளவு வேகமாக ஓடாது என்று யாராவது சண்டைக்கு வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: எலக்ட்ரான் மிக மெதுவாகத்தான் நகர்கிறது. நான் சொல்வது கம்பியை ஒட்டிப் பாயும் மின்காந்த அலையை.

உண்மையான வித்தியாசம் இழப்பில் இருக்கிறது. கேட் 5ஈ என்கிற லேன் கேபிளில் 100 மெகாஹெர்ட்ஸ் சமிக்ஞையை அனுப்பினால் 100 மீட்டருக்குள் ஏறக்குறைய 22 டெசிபல் போய்விடும். அதாவது நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. 1550 நானோமீட்டர் அலைநீள ஒளிக்கு நல்ல ஃபைபரில் அதே அளவு இழப்பு வர 100 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். போதாததற்கு, செப்பில் அதிர்வெண்ணைக் கூட்டக் கூட்ட இழப்பும் ஏறும். ஃபைபரிலோ ஒரே இழையில் பல நிற லேசர்களை ஒன்றாக அனுப்பி, ஒவ்வொன்றிலும் தனித்தனியாகத் தகவலை ஏற்றலாம். நொடிக்கு எத்தனை துடிப்பு, எவ்வளவு தூரம் சிதையாமல் போகிறது என்பதில்தான் ஃபைபரின் பலம். 1966-இல் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் ஒளி தேய்வதற்குக் கண்ணாடியில் கலந்த அசுத்தங்களே காரணம் என்று எடுத்துக்காட்டியபோது இந்தக் கதை தொடங்கியது. காவோவுக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் அந்தச் சுத்தமான கண்ணாடியின் பயன் முழுவதும் மூட்டில் வேலை செய்கிற கையை நம்பியிருக்கிறது. சில கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கட்டடங்கள் உள்ள ஒரு நிறுவனம். இணைப்பு அடிக்கடி அறுந்தது. இரு முனைகளிலும் நெட்வொர்க் சுவிட்சை மாற்றிவிட்டார்கள், சரியாகவில்லை. கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். இழைக்குள் ஒளித்துடிப்பை அனுப்பி, எந்தத் தூரத்தில் எவ்வளவு இழப்பு என்று காட்டும் ஓடிடிஆர் கருவியை வைத்து 1310, 1550 என இரண்டு அலைநீளங்களிலும் பார்த்தேன். 1310-இல் ஒரு சின்னப் படி மட்டும் தெரிந்தது. 1550-இல் அதே தூரத்தில் பெரிய பள்ளம். ஸ்ப்ளைஸ், அதாவது இழைகளை ஒட்டிய மூட்டு, சரியில்லை என்றால் இரண்டிலும் இழப்பு ஏறக்குறைய ஒன்றாகவே காட்டும். நீண்ட அலைநீளத்தில் மட்டும் இவ்வளவு கூடினால் இழை எங்கோ வளைந்து நெரிந்திருக்கிறது என்று அர்த்தம். வளைவு அளவுக்கு மீறினால் ஒளியை உள்ளேயே வைத்திருக்கும் முழு அக எதிரொளிப்பு நடக்காது, ஒளி இழையின் நடுப்பகுதியான கோரை விட்டு, அதைச் சுற்றியுள்ள கிளாடிங் என்கிற உறை வழியே வெளியே கசிந்துவிடும்.

தூரத்தைக் கணக்கிட்டு அந்த மூட்டுப் பெட்டியைத் திறந்தேன். தட்டில் இடம் போதாமல் ஓர் இழையை இறுக்கிச் சுருட்டி, மூடியால் அழுத்தியிருந்தார்கள். அதை எடுத்து, 3 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறையாமல் சுற்றி வைத்தேன். அவ்வளவுதான், இணைப்பு அறுவது நின்றுவிட்டது. பிறகு வந்த அறிக்கையில் புதிய சுவிட்சால் கோளாறு சரியானதாக எழுதியிருந்தார்கள். இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். 9 மைக்ரான் கோரையும் இன்னொரு 9 மைக்ரான் கோரையும் நேருக்கு நேர் நிறுத்தி உருக்கி ஒட்டுகிறவரை "கேபிள் இழுக்கிறவர்" என்று அழைக்கிறார்கள். உட்கார இடம் தருவதில்லை. கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் துணுக்குகளைப் போட ஒரு மூடிய டப்பா கேட்டால் நேரத்தை வீணாக்குகிறேன் என்கிறார்கள். அந்தத் துணுக்கு விரலில் ஏறினால் எடுப்பது எவ்வளவு கடினம் என்பது ஏறியவருக்குத்தான் தெரியும். எல்லா இடத்திலும் இப்படி என்று நான் சொல்லவில்லை. மரியாதையாக நடத்தியவர்களும் உண்டு.

இனி உங்கள் விஷயம். ஃபைபருக்குத் தாராளமாக மாறுங்கள். பெரிய கோப்புகள் சீக்கிரம் இறங்கும், மின்சாரக் கம்பி அருகில் போனாலும் இரைச்சல் ஏறாது. கண்டம் தாண்டிய விளையாட்டு சர்வருக்கான தாமதம் மட்டும் பெரிதாகக் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள், அது தூரத்தின் கணக்கு. இணைப்பு கொடுக்க வருகிறவரிடம் கனெக்டரைத் துடைத்துவிட்டுச் செருகச் சொல்லுங்கள், வரும் ஒளியின் வலிமையை அளக்கும் பவர் மீட்டரில் அளவையும் காட்டச் சொல்லுங்கள். வீடுகளுக்குத் தரும் ஜிபான் வகை ஃபைபர் இணைப்பில் அது மைனஸ் 27 டிபிஎம் என்கிற கீழ் எல்லையை நெருங்கியிருந்தால், அவர் கிளம்புவதற்கு முன்பே சரிசெய்யக் கேளுங்கள்.